பெயருக்கு எத்தனை கட்டம்?

(குன்றத்தூர் வட்டாரத்தில் இ-சேவை மையப் பணியாளர்களிடமும், அலுவலகங்களில் தரவு உள்ளீடு செய்வோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சில இடங்களில் விளக்கம் கூட்டப்பட்டுள்ளது.)



விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீங்க. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெயர் நீளமாக இருந்தால் என்ன செய்வோம்? கடைசிக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், நெருக்கி நெருக்கி எழுதிக் கொடுத்துவிடுவோம். காகிதம் கோபித்துக்கொள்ளாது. வாங்குகிற எழுத்தரும் தலையைச் சாய்த்துப் படித்துவிடுவார்.

கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதற்குள்ளும் கட்டங்கள் இருக்கின்றன. கட்டம் முடிந்த இடத்தில் பெயரும் முடிந்துவிடும். கட்டத்துக்கு எவ்வளவு அகலம் என்று யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், ஐந்து நிமிடத்தில் முடிவு செய்திருப்பார். அந்த ஐந்து நிமிடத்தின் விளைவை இருபது வருடம் கழித்து உங்கள் மையத்தில் வரிசையில் நிற்கிறவர் அனுபவிக்கிறார். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பயப்பட வேண்டாம். நீங்கள் தினமும் கையாளுகிற விஷயம்தான், பெயர் மட்டும்தான் புதிது.

தரவுத்தளத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் புலங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நிலைநீளப் புலம்; மென்பொருள்காரர்கள் ‘சார்’ என்பார்கள். இன்னொன்று மாறுநீளப் புலம், ‘வார்சார்’.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். தொழிலாளர்கள் பை, டிபன் பாக்ஸ் வைக்கிற லாக்கர் வரிசை இருக்கும். எல்லா லாக்கரும் ஒரே அளவு. ஒருத்தர் ஹெல்மெட் வைப்பார், ஒருத்தர் சாவி மட்டும் வைப்பார். சாவி வைத்தாலும் லாக்கர் முழுசும் அவருக்குத்தான். அதுதான் நிலைநீளப் புலம். 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு 6 எழுத்துப் பெயரைப் போட்டால் மீதி 14 இடத்தையும் வெற்றிடக் குறிகளால் நிரப்பி வைக்கும்.

மாறுநீளப் புலம் மூட்டை கட்டுவது மாதிரி. எவ்வளவு சரக்கோ அவ்வளவுக்கு மூட்டை. வாயைக் கட்டி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று மேலே ஒரு சீட்டு. கணினியிலும் அப்படித்தான். எழுத்துகளுக்கு முன்னால் நீளத்தைக் குறிக்கும் ஒன்றிரண்டு பைட் சேர்த்து வைத்திருக்கும். அதிகபட்சம் இவ்வளவு என்று ஓர் எல்லை இருக்கும். ஆனால் எல்லை வரை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியானால் லாக்கர் முறை எதற்கு வந்தது? அதற்கு நியாயம் இருந்தது. பழைய காலத்தில் தகவல்களைத் துளை அட்டையில் பதிவார்கள். 1928ல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த அட்டையில் ஒரு வரிசைக்கு 80 பத்திகள். அந்த 80க்குள் ஆளுடைய எண், பெயர், ஊர், சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். பெயருக்கு இத்தனை பத்தி என்று பங்கு பிரித்துத்தான் கொடுக்க முடியும். பிறகு காந்த நாடா, வட்டு என்று வந்தபோதும் அதே பழக்கம் தொடர்ந்தது. ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம் என்றால் ஆயிரமாவது பதிவு எங்கே இருக்கிறது என்று பெருக்கல் கணக்கிலேயே சொல்லிவிடலாம். தேட வேண்டியதில்லை. நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் ஆண்டைக்கூட இரண்டு இலக்கத்தில் எழுதினார்கள். அதனால் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகமே என்ன பாடுபட்டது என்பது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, நிலைநீளம் என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் அதுதான் சரி. எங்கே? அரசோ ஒரு நிறுவனமோ தானே உண்டாக்கித் தருகிற குறியீடுகளில். அஞ்சல் குறியீட்டு எண் 6 இலக்கம். 1972 ஆகஸ்ட் 15 முதல் அப்படித்தான். குன்றத்தூருக்கு 600069. இதில் ஏழாவது இலக்கம் வந்தால் தவறு, ஐந்தோடு நின்றாலும் தவறு. ஆதார் 12 இலக்கம். பான் எண் 10 இடம்: முதலில் 5 எழுத்து, பிறகு 4 இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 இடம். அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆங்கில ‘ஓ’ எழுத்தை அங்கே தட்டிவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புலத்தை ஒழுங்காக வடிவமைத்திருந்தால் அந்தத் தவறை அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கும்.

நம் வட்டாரத்துக்கே உரிய உதாரணம் வேண்டுமென்றால், இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ தயாராகி வெளியே வருகிற காரைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வாகன அடையாள எண் உண்டு. 17 இடம்; உலகம் முழுக்க அதே கணக்கு. ஆங்கில எழுத்துகளில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ மூன்றையும் அதில் பயன்படுத்துவதில்லை, ஒன்று, பூஜ்யம் என்று யாரும் குழம்பிவிடக் கூடாதே என்பதற்காக. அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! 17க்கு ஒன்று குறைந்தாலும் அது வாகன எண் இல்லை. இந்த மாதிரி இடத்தில் நிலைநீளப் புலம் காவல்காரன் வேலை செய்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எண் போலத் தெரிவதெல்லாம் எண் இல்லை. வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கலாம். அதை எக்செல் தாளில் சாதாரணமாகத் தட்டினால் முன்னால் இருக்கிற பூஜ்யம் காணாமல் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போகிறோமா? இல்லை. அப்படியென்றால் அது எழுத்துப் புலம்தான். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்க.

இப்போது காரை விட்டுவிட்டு, காரைச் செய்கிற மனிதருக்கு வருவோம். காருக்கு 17 இடம் போதும், ஏனென்றால் அந்த எண்ணை நாம்தான் கொடுத்தோம். மனிதருடைய பெயரை நாம் கொடுக்கவில்லை. அவர் அம்மா அப்பா கொடுத்தது. அதற்கு நாம் அளவு வகுக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நாம் கொடுக்கிற குறியீட்டுக்கு நாமே நீளம் வைக்கலாம். மக்கள் கொண்டுவருகிற பெயருக்கும் முகவரிக்கும் அவர்கள் கொண்டுவருகிற நீளம்தான்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரே இதற்கு வழி காட்டியிருக்கிறார். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். பெரிய புராணத்தில் 63 நாயன்மார்களின் வரலாற்றை எழுதினார். ஆளுக்கு இத்தனை பாட்டு என்று சமமாகப் பங்கு போட்டாரா? திருஞானசம்பந்தருக்கு ஆயிரத்துக்கு மேல் பாடல். சில அடியார்களுக்குப் பத்துக்கும் குறைவு. அவரவர் வாழ்க்கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. யாரையும் வெட்டவில்லை, யாரையும் வெற்று வார்த்தை போட்டு நிரப்பவும் இல்லை. நிர்வாகம் தெரிந்தவர் இல்லீங்களா!

பெயர் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். பாலசுப்பிரமணியன் என்று ஒரு தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை 15 எழுத்திலும் எழுதலாம், ‘ஒய்’ சேர்த்து 16 எழுத்திலும் எழுதலாம். அவர் ஆதாரில் 16 எழுத்து. ஒப்பந்தக்காரரின் சம்பள மென்பொருளில் பெயருக்கு 15 இடம்தான். பதிவு செய்யும்போது கடைசி ‘என்’ விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை, மாசம் பொறந்தா சம்பளம் வந்துவிடுகிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்கும் அதே வெட்டுப்பட்ட பெயர் போகிறது. ஏழெட்டு வருடம் கழித்து மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்று வருகிறார். ஆதாரில் ஒரு பெயர், வைப்பு நிதிக் கணக்கில் ஒரு பெயர். கணினிக்கு இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். திருத்த வேண்டுமென்றால் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி என்று போக வேண்டிவரும். அந்த ஒப்பந்தக்காரர் நிறுவனத்தை மூடிவிட்டுப் போயிருந்தால்? பணம் அவருடையது, உழைத்தது அவர்; நடுவில் நிற்பது ஓர் எழுத்து.

இந்த உதாரணத்தில் தட்டச்சு செய்தவர் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் 16 எழுத்தையும் சரியாகத்தான் தட்டினார். மென்பொருள்தான் விழுங்கிவிட்டது. சில தரவுத்தளங்கள் ‘இடம் போதவில்லை’ என்று பிழை காட்டி நிறுத்திவிடும். அது நல்லது. சில சத்தமே இல்லாமல் வெட்டிவிட்டு ‘பதிவு வெற்றி’ என்று பச்சை எழுத்தில் காட்டும். பரவலாகப் பயன்படும் மைஎஸ்கியூஎல் பல காலம் அப்படி இருந்தது. 2015ல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்கும்படி மாற்றினார்கள். பழைய அமைப்பை அப்படியே வைத்து ஓட்டுகிற இடங்களில் இன்னும் சத்தமில்லாமல் வெட்டும்.

நம் பக்கத்துப் பெயர் முறையும் இந்தக் கட்டங்களோடு ஒத்துப்போவதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று பொதுவாகக் கிடையாது, இனிஷியல் உண்டு. ஆனால் பான் அட்டை விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். விரித்தால் அப்பா பெயரும் சேர்ந்து நீளம் இரட்டிப்பாகிவிடும். ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரிந்த பெயர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கிற தோழர்களுக்கு வேறு வகைச் சிக்கல். சிலருக்கு ஒற்றைப் பெயர்தான். ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று திரை அடம் பிடிக்கும்போது ஒரு புள்ளியை வைத்து நகர்த்திவிடுகிறோம். அந்தப் புள்ளியும் பெயரின் பகுதியாகிவிடும், ஜாக்கிரதை.

நிலைநீளப் புலம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசையா? உங்கள் பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றும் சரியாக 44 இடம். இது உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. முதல் வரியில் முதல் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போய்விடும். மீதி 39 இடம்தான் பெயருக்கு. பெயர் முடிந்த பிறகு இடப்பக்கம் பார்த்த அம்புமுனை மாதிரி குறிகள் வரிசையாக இருக்கும், பார்த்திருப்பீங்க; அதுதான் வெற்றிடத்தை நிரப்புகிற குறி. இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண்ணுக்கு 9 இடம். நம் நாட்டு எண்ணில் ஓர் எழுத்தும் 7 இலக்கமும்தான், ஆக 8. ஒன்பதாவது இடத்தில் அதே அம்புமுனை. பிறந்த ஆண்டு அங்கே இன்றைக்கும் இரண்டே இலக்கம்!

பெயர் 39க்கு மேல் போனால் அந்த வரியில் வெட்டுவார்கள். ஆனால் மேலே மனிதர் படிக்கும் பகுதியில் முழுப் பெயர் இருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. அச்சிடுகிற இடத்தில் இடம் போதவில்லை என்றால் அங்கே மட்டும் சுருக்கு. மூலப் பதிவில் கைவைக்காதே. தொழிற்சாலை வாசலில் விரல் வைக்கிற கருவியில் சின்னத் திரை இருக்குமே, அதில் பல கருவிகளில் ஒரு வரிக்கு 16 எழுத்துதான் தெரியும். அந்தத் திரைக்காகப் பெயரைப் பதிவிலேயே 16 எழுத்தாக வெட்டி வைப்பது, கதவு சின்னது என்று கட்டிலை அறுப்பதற்குச் சமம்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமில்லை. அமெரிக்காவின் ஹவாயில் ஒரு பெண்ணுடைய குடும்பப் பெயர் 35 எழுத்து. ஓட்டுநர் உரிமத்தில் கடைசி எழுத்து விழுந்துவிட்டது, முதற்பெயருக்கு இடமே இல்லை. பெயரைச் சுருக்கிக்கொள்ள அவர் மறுத்தார். 2013ல் செய்தி வெளியான பிறகு அந்த மாநிலம் புலத்தை 40 எழுத்தாக அகலப்படுத்தியது.

இனி தமிழுக்கு வருகிறேன். இதுதான் முக்கியமான பகுதி. கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகக் கேளுங்கள். குடிமக்கள் அணுகல் எண்ணுக்குப் பதிவு செய்யும்போது, ‘கேன்’ என்கிறோமே, அதில் பெயரைத் தமிழிலும் தட்டுகிறோம். தமிழ்ப் பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

‘குன்றத்தூர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கு, ன், ற, த், தூ, ர். நமக்கு 6 எழுத்து. ஒருங்குறி முறையில் கணினிக்கு அது 6 இல்லை. ‘கு’ என்பதை ‘க’ என்றும் உகரக் குறி என்றும் இரண்டாக வைக்கும். ‘ன்’ என்பதை ‘ன’ என்றும் புள்ளி என்றும் இரண்டாக வைக்கும். ‘ற’ மட்டும் ஒன்று. ஆக மொத்தம் 11 குறியீடுகள். அத்தோடு முடியவில்லை. இப்போது பரவலாக உள்ள யூடிஎஃப்-8 சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 11 பெருக்கல் 3, 33 பைட். இதே ஊரை ஆங்கிலத்தில் 10 எழுத்தில் எழுதினால் 10 பைட்தான்.

தமிழின் 247 எழுத்துகளில் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, ஆக 31 எழுத்துகளுக்குத்தான் ஒருங்குறியில் தனிக் குறியீடு ஒன்று போதும். மீதி 216 எழுத்துகளுக்கும் ஒன்றுக்கு மேல் வேண்டும்.

இப்போது கேள்வி. ஊர்ப் பெயருக்கு ‘30’ என்று ஒரு மென்பொருள்காரர் எழுதி வைக்கிறார். 30 என்றால் 30 என்ன? எழுத்தா, குறியீடா, பைட்டா? ஆரக்கிள் தரவுத்தளத்தில் இயல்பாக அது 30 பைட். குறியீட்டுக் கணக்கில் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இப்போது குறியீட்டுக் கணக்கு. ஆங்கிலத்துக்கு மூன்றும் ஒன்றுதான் என்பதால் ஆங்கிலத்தில் சோதித்துப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. 30 பைட் புலத்தில் குன்றத்தூர் அடங்காது. 33 வேண்டும், 30தான் இருக்கிறது. வெட்டுகிற மென்பொருளாக இருந்தால் எது விழும் தெரியுமா? கடைசிப் புள்ளி. ‘குன்றத்தூர’ என்று நிற்கும். 32 பைட் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே போய், அச்சில் கேள்விக்குறி வைத்த கறுப்புக் கட்டமாக வரும். சான்றிதழில் ஊர்ப் பெயர் புள்ளியில்லாமல் இருந்தால் ‘தட்டச்சர் தூங்கிட்டார்’ என்பார்கள். பாவம், அவர் மேல் தவறே இல்லாமல் இருக்கலாம்.

பெயர் முழுக்க வரிசையாகக் கேள்விக்குறியாகவே வந்தால் அது வேறு நோய். தமிழே தெரியாத புலத்தில் தமிழைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூலமே அழிந்துவிட்டது, எழுத்துருவை மாற்றினால் சரியாகாது. திரும்பத் தட்ட வேண்டியதுதான்.

நிலைநீளமா மாறுநீளமா என்ற இந்த விவாதம் தமிழ் எழுத்துக்கே ஒரு காலத்தில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1999ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது டாம், டாப் என்ற குறிமுறைகளும் விசைப்பலகைத் தரமும் பேசப்பட்டு அரசின் தரமாயின. பிறகு 2010ல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், ‘டேஸ்-16’ என்ற அனைத்து எழுத்துக் குறிமுறையையும் தரங்களாக அறிவித்தது. டேஸ்-16 முறையில் 247 எழுத்துக்கும் ஆளுக்கொரு தனி எண். எல்லாமே 16 பிட், அதாவது 2 பைட். ‘கு’வும் ஒன்று, ‘க’வும் ஒன்று. அந்தக் கணக்கில் குன்றத்தூர் 6 எழுத்து, 12 பைட். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தும் கணினி எண்ணுகிற எழுத்தும் ஒன்றாகவே இருக்கும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் உலகம் முழுவதும் கைபேசி, உலாவி, தேடுபொறி எல்லாம் ஒருங்குறியில் இயங்கும்போது நாம் மட்டும் தனி வழியில் போய்ப் பயனில்லை. ஒருங்குறியே நிலைத்தது. அதனால் அகலத்தைக் கணக்கிடும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

ஒருங்குறியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ‘இருங்காட்டுக்கோட்டை’ என்பதில் ‘கோ’ இருக்கிறதல்லவா? அதை ‘க’வோடு ஒரே ஓகாரக் குறி சேர்த்தும் வைக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று பிரித்தும் வைக்கலாம். முதல் வழியில் அந்த ஊருக்கு 19 குறியீடு, இரண்டாவதில் 20. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஸ்ரீபெரும்புதூரின் ‘ஸ்ரீ’யும் இப்படித்தான்: ‘ஸ’வில் தொடங்கும் வழி ஒன்று, பிறகு சேர்த்த கிரந்த ‘ஶ’வில் தொடங்கும் வழி இன்னொன்று. ஒரு பதிவில் ஒரு வழி, தேடுகிறவரின் விசைப்பலகையில் இன்னொரு வழி என்றால், ‘இந்த ஊரில் பதிவே இல்லை’ என்று திரை சொல்லும். கோ, கொ போன்றவற்றைச் சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பொதுவான முறை இருக்கிறது. ஸ்ரீக்கு அது உதவாது. தனியாக விதி எழுத வேண்டும். மென்பொருள் செய்கிறவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

‘இடம் அதிகமாக ஒதுக்கினால் செலவு ஆகாதா சார்?’ என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். எல்லோருக்கும் தமிழ்ப் பெயருக்கு ஆளுக்கு 300 பைட். 100 குறியீட்டுக்கு வரும். மாறுநீளமாக இல்லாமல் லாக்கர் முறையிலேயே முழுசாக ஒதுக்கினாலும் மொத்தம் சுமார் 22 ஜிபி. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற கைபேசியில் இதைவிட அதிக இடம் இருக்கும். மாறுநீளத்தில் வைத்தால் இதில் ஒரு பங்குதான் ஆகும். ஒரு மாநிலத்து மக்களின் பெயரை முழுசாக எழுத ஒரு கைபேசி போதும் என்கிறபோது, ஓர் எழுத்தை வெட்டி மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்? வேகம் குறையும் என்பார்கள். போஸ்ட்கிரஸ் ஆவணத்திலேயே நிலைநீள வகையால் வேக லாபம் இல்லை, நிரப்பு வெற்றிடத்தால் பெரும்பாலும் மந்தமாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எல்லையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லையில்லாமல் விட்டால் பெயர்ப் புலத்தில் முழு முகவரியையும் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. எல்லை இருக்கட்டும், தாராளமாக இருக்கட்டும், எல்லையைத் தொட்டால் சத்தம் போட்டுச் சொல்லட்டும். குறுஞ்செய்திக்கு மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு. அங்கே பெயரைச் சுருக்கி, ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்பதை முழுசாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

மையத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களால் புலத்தின் அகலத்தை மாற்ற முடியாது. தெரியும். ஆனால் செய்யக்கூடியது சில இருக்கிறது. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையை விண்ணப்பதாரர் பக்கம் திருப்பி, பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரின் ஆரம்பத்தை எல்லோரும் பார்ப்பார்கள்; வெட்டு விழுவது கடைசியில். ஒப்புகைச் சீட்டு வந்ததும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் திரையில் முழுசாகத் தெரிந்தது சேமிப்பில் வெட்டுப்பட்டிருக்கலாம். பெயரைத் தட்டி முடித்ததும் பழக்கத்தில் இடைவெளிப் பட்டையை ஒருமுறை அழுத்துகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விடுங்கள். கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இரண்டு பட்டியலை எக்செலில் ஒப்பிடும்போது அதே ஆள் வேறு ஆளாகிவிடுவார். பழைய நிலைநீளக் கோப்பிலிருந்து எடுத்த பட்டியல் என்றால் எல்லாப் பெயருக்குப் பின்னாலும் அந்த வெற்றிடம் இருக்கும். ‘ட்ரிம்’ போட்டு நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பெயர் கட்டத்தில் அடங்காவிட்டால் நீங்களாகவே சுருக்காதீர்கள். ஒரு மையத்தில் ‘சுப்பு’, இன்னொன்றில் ‘சுப்ர’ என்று ஆகிவிடும். அடங்கவில்லை என்று உதவி மையத்தில் புகாராகப் பதிவு செய்யுங்கள். பத்து மையத்திலிருந்து அதே புகார் போனால் யாராவது அந்த எண்ணை மாற்றுவார்கள்.

படிக்கிற நீங்கள் பொதுமக்களில் ஒருவர் என்றால், இன்று வீட்டில் உள்ள ஆதார், பான், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வைப்பு நிதிக் கணக்கு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பெயர்தானா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போதே, முதலாளி கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே, வித்தியாசத்தைச் சரி செய்துகொள்வது சுலபம்.

துறைகளில் மென்பொருள் வாங்குகிற அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏற்றுக்கொள்ளும் சோதனையின்போது நிறுவனத்தார் கொண்டுவருகிற மாதிரிப் பெயர்களை நம்ப வேண்டாம். அவையெல்லாம் பெரும்பாலும் நாலு எழுத்து ஆங்கிலப் பெயர்களாக இருக்கும். நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: அப்பா பெயர் விரித்த ஒரு பாலசுப்பிரமணியன், ஒற்றைப் பெயர் உள்ள ஒரு வெளிமாநிலத் தொழிலாளி, இரண்டு விதமாகத் தட்டிய ஸ்ரீபெரும்புதூர், ஒரு இருங்காட்டுக்கோட்டை முகவரி. தட்டி, சேமித்து, திரும்ப எடுத்து, சான்றிதழாக அச்சிட்டுப் பாருங்கள். குன்றத்தூரின் கடைசிப் புள்ளி தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.